நெமிலியில் பிரம்ம கமலம்: ஓர் இராக்கால ஆய்வு

நெமிலியில் பிரம்ம கமலம் வளர்க்கும் வீட்டைக் கண்டறிய விலாசம் வேண்டாம். திண்ணையோரப் பெயிண்ட் வாளியிலிருந்து, தோல் ஷாப்பில் வெட்டிப் போட்ட துண்டுகள் போல நீளநீளமாகப் பச்சைப் பட்டைகள் தொங்கினால் அதுதான். இவ்வாய்வாளரின் வீடும் அவ்வகையைச் சேர்ந்தது.

முதலில் பெயர்ச் சிக்கல். அசல் பிரம்ம கமலம் இமயத்தில், 3,000 மீட்டருக்கும் மேலே முளைப்பது, உத்தராகண்டின் மாநிலப் பூ, சூரியகாந்திக்கு உறவு. நம் வாளியில் இருப்பதோ மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் மரக்கிளையைத் தொற்றி வளரும் ஒரு கள்ளி. மலையாளிகள் வம்பே வேண்டாமென்று நிஷாகந்தி என்கிறார்கள். இம்முடிவைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் சமர்ப்பித்தேன்.

“கள்ளியப் போயி யாருனா வூட்ல வெச்சு கற்பூரம் காட்டுவாங்களா? போ கண்ணு, போய் வேலையப் பாரு.”

மறுப்புரை வலுவானது. ஆய்வு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

இரண்டாவது, தண்ணீர்க் கொள்கை. என் முதல் செடிக்கு வேளை தவறாமல் நீர் வார்த்தேன். பதினைந்தே நாளில் அடி அழுகிச் சாய்ந்தது. மரக்கிளைச் சருகில் ஒட்டிப் பிழைத்த வேருக்குச் சேறு ஆகாது. ஒடித்த பட்டையை நிழலில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, மணலும் மட்கிய சாணமும் கலந்த மண்ணில் ஊன்ற வேண்டும்; வாளியின் அடியில் ஓட்டை அவசியம்; காலை வெயில் போதும், நம் ஊர் சித்திரை வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஒன்று சொல்லியாக வேண்டும்: நான் பார்த்தவற்றில் செழித்து நின்ற வாளிகள், வீட்டார் அறவே மறந்துபோனவை.

ஆகவே இச்செடிக்குத் தேவை பராமரிப்பு அல்ல, சாட்சி. இதுவே என் துணிபு.

நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரப் பள்ளத்தில் மொட்டு விட்டுத் தொங்கும். மலரும் நாளன்று கழுத்தை நிமிர்த்தும். இரவு எட்டு ஒன்பதுக்கு மேல் அவிழத் தொடங்கி, நள்ளிரவுக்கு முழுசாக விரிந்து, விடிவதற்குள் கோழிக் கழுத்தாகத் துவண்டுவிடும். வெண்மையும் வாசனையும் சொந்த ஊரில் இரவு விட்டில்களை அழைப்பதற்கு. நெமிலியில் அந்த வேலையை எதிர்வீட்டு அக்கா செய்கிறார். அவர் வாய்வழி அழைப்பில் சீரியல் நின்று தெருவே கூடும். ஷூ கம்பெனி வேனில் இறங்கிய பெண்கள் சாப்பாட்டுப் பையோடு அப்படியே வந்து நிற்பார்கள். கூடியவர்கள் கண்ணுக்குப் பூவுக்குள் சூல்முடி கிளைத்து நிற்பது ஆதிசேஷன், மகரந்தத்தாள்கள் படுக்கை. வாளிக்குக் குங்குமம், கற்பூரம். பிறகு போன்கள் உயரும். அதற்கும் பிறகு யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்று பேச்சு திரும்பும். என் வாளி பூத்த அன்று முழுதாகப் பூவைப் பார்த்தது ஆயா ஒருவர்தான். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எண்ணியபோது பட்டைகளில் ஒன்று குறைந்தது. கேட்டு வாங்கினால் தழையாது, ஒடித்து மறைத்து எடுத்துப் போனால்தான் பிடிக்கும் என்பது இங்குள்ள தோட்டக்கலை. எடுத்தவர் யாரென்று விசாரிக்கவில்லை. நட்ட பட்டை பூக்க இரண்டு மூன்று வருஷமாகும். அதற்குப் பின் ஓர் இரவு எட்டரை மணிக்கு எந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறதோ, அப்போது தெரிந்துகொள்வேன்.