ஆறு பருவமும் ஒரு ஜிப்பும்

மோட்டார் சைக்கிளுக்கான ரைடிங் சூட் விற்கும் கடைகளில் ஒரு சொல் தவறாமல் காதில் விழும்: 'ஆல் வெதர்'. எல்லாப் பருவத்தையும் தாங்குமாம். எந்தெந்தப் பருவம் என்று விற்பவரைக் கேட்டால் வெயில், மழை, குளிர் என்று மூன்று விரலை மடக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார். நம் இலக்கணக்காரர்கள் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுது வகுத்தார்கள். காவிரி டெல்டாக்காரனுக்கு அந்த ஆறும் பற்றாது. கத்திரி வெயில், ஆடிக்காற்று, ஐப்பசி அடைமழை, கார்த்திகைப் புயல், மார்கழிப் பனி, அறுவடைத் தூசி என்று எண்ணி முடித்த பிறகும், வருஷம் முழுக்கக் கூடவே குடியிருக்கும் புழுக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் போட்டுக்கொள்வது ஒன்-பீஸ் வகை. மேலுக்குத் தனி, காலுக்குத் தனி என்ற பேச்சே கிடையாது. கழுத்தில் தொடங்கும் ஜிப் உடம்பைக் குறுக்கே கடந்து கணுக்காலில் போய் முடியும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், முதுகு என்று, விழுந்தால் முதலில் தரையைத் தொடக்கூடிய இடங்களிலெல்லாம் உள்ளே பேட் வைத்துத் தைத்திருக்கும். போட்டிருக்கும் சட்டை பேன்ட்டுக்கு மேலேயே ஏறி நின்று இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

இந்த உடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1950 பந்தயப் பருவத்தில் இங்கிலாந்து வீரர் ஜெஃப் டியூக், மேலும் கீழும் ஒட்டித் தைத்த ஒரே லெதர் உடுப்போடு களத்துக்கு வந்தார். தைத்துக் கொடுத்தவர் அவருடைய ஊர்த் தையல்காரர். காற்று சட்டைக்குள் புகுந்து வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பது டியூக்கின் கணக்கு. அடுத்து 1983-இல் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் ஆன்டி கோல்ட்ஃபைன் என்பவர் ஏரோஸ்டிச் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆபீஸ் உடையின் மேல் மாட்டிக்கொண்டு போய், வாசலில் கழற்றிவிட்டு நேரே வேலையில் உட்காரும்படியான ஒன்-பீஸ் துணி உடுப்பை அவர் கொண்டுவந்தார். டுலூத்தில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டி இறங்கும். அந்த ஊருக்காக முளைத்த யோசனையை நான் சாலியமங்கலம் ரோட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு, சித்திரை மாதத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். டியூக்கின் கணக்கும் இங்கே உதவாது. இரண்டு வேகத்தடைக்கு நடுவே ஒரு ஆட்டுக்கூட்டம் வரும் சாலையில் காற்றின் தடையைப் பற்றி யாருக்குக் கவலை?

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் இந்த மாதிரி உடுப்போடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டெல்டாவில் நிலைமை வேறு. டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மூன்று அபிப்பிராயங்கள் உருவாகிவிடும். கொசு மருந்து அடிக்க வந்தவர் என்பது ஒரு கட்சி. ட்ரோனில் பயிருக்கு மருந்து தெளிப்பவர் என்பது இளைஞர் கட்சி. மூன்றாவது கட்சிதான் பலமானது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது இந்தப் பக்கமெல்லாம் மின்கம்பங்கள் சாய்ந்து, வெளியூர்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தார்கள். அன்றிலிருந்து பேட்டும் பட்டையுமாக எவன் வந்து இறங்கினாலும் ஒரே கேள்விதான்: "சார், கரண்டு எப்ப வரும்?" ஒருமுறை வாய் தவறி "சாயங்காலம்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்தும்விட்டது. அந்த ஊரில் இன்றைக்கும் எனக்கு டீ இலவசம்.

என் உடுப்புக்கு நிரந்தர எதிர்க்கட்சி என் மாமனார். அம்மாப்பேட்டைப் பக்கம் விவசாயம். வாகனம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். அதன் முன்பக்கம் உர மூட்டையும் பின்பக்கம் புல்லுக்கட்டும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் அவர் இருப்பார். தோளில் ஒரு துண்டு. முதன்முதலில் இந்தக் கோலத்தில் வாசலில் போய் நின்றபோது, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிறது நம்ம மாப்ளதானா?" என்று என் மனைவியிடம் உறுதி செய்துகொண்டுதான் "வாங்க" என்றார். விலையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். 40 கிலோ சிப்பம் கணக்கில் எத்தனை மூட்டை நெல் என்று மனசுக்குள் ஓடுவது தெரிந்தது. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிக் காட்டினார். "இதுவும் எல்லாப் பருவத்துக்கும் ஆவும் மாப்ளே. ஜிப்பு கெடையாது. துவைச்சா அரை மணியில காஞ்சிடும்."

அன்றைக்குத் தொடங்கிய போட்டி. நடுவர்கள் தமிழ் மாதங்கள்.

முதல் சுற்று கத்திரி. மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசிவரை தஞ்சாவூரில் வெயில் 40 டிகிரியைத் தொடப் பார்க்கும். மனிதத் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வண்டி ஓட ஓட உடம்பு ஆறும். காற்றே அதைவிடச் சூடாக இருந்தால், வேகமாகப் போகப் போக நாமே வேகமாக வேகிறோம். அப்போது உடம்புக்கு மிஞ்சிய ஒரே வழி வியர்வை காற்றில் ஆவியாவதுதான். பாலைவனப் பக்கம் ஓட்டுகிறவர்கள் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு, சூட்டின் காற்றுத் துவாரங்களைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துச் சமாளிப்பார்கள். வறண்ட காற்று ஈரத்தை இழுத்து உடம்பைக் குளிர்விக்கும். இந்த உத்தியில் பாதியை டெல்டா நமக்கு இலவசமாகவே செய்து தருகிறது: பனியனைத் தனியாக நனைக்க வேண்டியதில்லை. காய்கிற மறுபாதிதான் வருவதில்லை.

ஓடும்வரை பரவாயில்லை. நிற்கும்போதுதான் ஆபத்து. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு நிற்பது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கோரிக்கை போகும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். கேட்டில் நின்ற பத்தாவது நிமிஷம் என் காலருக்குள் குத்தூசியை விட்டு மாதிரி எடுத்தால், எந்தத் தளர்வும் என்னைக் காப்பாற்றாது. அதே கேட்டில் மாமனார் துண்டை வாய்க்கால் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தார். முதல் சுற்று துண்டுக்கு.

ஆடியில் கதை மாறும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து, ஆறுகள் நிறைந்து ஓடும் நாட்கள் அவை. அம்மியே பறக்கிற காற்றில் துண்டு எம்மாத்திரம்? திருவையாறு போகும் வழியில் ஆற்றங்கரைச் சாலையில் எனக்கு முன்னால் போன மாமனாரின் துண்டு தோளைவிட்டுக் கிளம்பி, சாலையைக் கடந்து, குடமுருட்டியை நோக்கிப் போனது. என் உடுப்பு படபடக்கக்கூட இல்லை. ஜெஃப் டியூக்கின் ஆவி புன்னகைத்திருக்கும். ஆனால் மாமனார் அடுத்த முறை துண்டை உருமாக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் சுற்று ஐப்பசி. டெல்டாவுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. சூட்டின் உள்ளே நீர் புகாத சவ்வு ஒன்று உண்டு. 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் இந்த வகையில் பெயர்பெற்றது. அதன் நுண்துளைகள் தண்ணீர்த் துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூற்றைவிடச் சுமார் 700 மடங்கு பெரியவை. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போய்விடும் என்பது ஏற்பாடு. அற்புதமான விஞ்ஞானம். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே இருக்கும் ஈரம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால்தான் ஆவி நகரும். ஐப்பசி மாதத்தில் அம்மாப்பேட்டையில், வெளியே இருக்கும் ஈரத்தைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் ஈரம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. சூட் தன் கடமையில் தவறவில்லை. மழை என்னை நனைக்கவில்லை, நானே என்னை நனைத்துக்கொண்டேன்.

ஒன்-பீஸ் உடுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பதால் நெஞ்சில் விழும் மழையெல்லாம் வழிந்து மடியில் வந்து தேங்கும். ஜிப்பும் அந்த வழியாகத்தான் போகிறது. அரை மணி நேரம் தேங்கினால் எந்த ஜிப்பும் கொஞ்சம் இளகும். வந்து இறங்கி, நான் நடந்த நடையைப் பார்த்த மாமனார் திண்ணையிலிருந்தே சொன்னார்: "கடமடை வரைக்கும் தண்ணி போயி சேந்துடுச்சு போலருக்கே மாப்ளே." அவர் துண்டு நனைந்துதான் இருந்தது. பிழிந்து கொடியில் போட்டார். என்னைப் பிழிய வழியில்லை.

மழைச் சுற்றின் உபதொந்தரவு கல்யாணம். வாசலில் கழற்றிவிட்டு அப்படியே உள்ளே போகலாம் என்றாரே டுலூத்காரர், அவர் பேன்ட்டை மனதில் வைத்துச் சொன்னார். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு ஒன்-பீஸ் சூட்டுக்குள் இறங்கிப் பாருங்கள். கால்கள் இரண்டும் தனித்தனிக் குழாய்க்குள் போக வேண்டும், வேட்டிக்கோ அந்தப் பிரிவினையில் சம்மதமில்லை. சுருட்டி இடுப்பில் சொருகினால் ஜிப் ஏறாது. ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியானால் கும்பகோணம் மண்டப வாசலில் சூட்டோடு சேர்ந்து அதுவும் பிரிந்து வரும் அபாயம் இருக்கிறது. வேட்டியைப் பையில் வைத்து எடுத்துப் போவதே மானமுள்ளவர் வழி.

மார்கழியில்தான் என் உடுப்புக்கு மரியாதை பிறக்கிறது. தஞ்சாவூரில் விடியற்காலைக் குளிர் 20 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். டுலூத்காரர்கள் அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வார்கள். நாம் மங்கி கேப், மஃப்ளர், காதில் பஞ்சு என்று இறங்கிவிடுவோம். ஊரே மூடிக்கொண்டு நடமாடும்போது என்னைத் தனியாகப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. சாயங்காலங்களில் இன்னொரு லாபம். சம்பா வயல்களுக்கு நடுவே விளக்கைப் போட்டுக்கொண்டு போனால் புகையானும் தத்துப்பூச்சியும் கூட்டமாக வெளிச்சத்துக்கு வரும். கழுத்துவரை ஜிப் போட்டவனிடம் அவற்றுக்கு வேலையில்லை. மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், பூச்சி சட்டைக்குள் போனது. அந்தச் சுற்று எனக்கு.

தையில் அறுப்பு. மிஷின் இறங்கிய வயல் பக்கம் போனால் சுணையும் தூசியும் உடம்பெல்லாம் அரிக்கும், சூட் அதைத் தடுக்கும். ஆனால் அறுப்புக்காலத்தின் உண்மையான சங்கதி காற்றில் இல்லை, தரையில் இருக்கிறது. காயவைக்கக் களம் போதாதவர்கள் நெல்லைத் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் அந்த நெல்தான். அதில் முன்சக்கரம் ஏறி பிரேக்கையும் தொட்டுவிட்டால் வண்டி நம்மைக் கேட்காமல் படுத்துக்கொள்ளும். நானும் படுத்தேன். பெரிய வேகமில்லை. நெல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தாரிலும் வழுக்கிக்கொண்டு போனேன். ஓடி வந்த அம்மா ஒருவர், "அய்யோ, நெல்லு செதறிப் போச்சே!" என்றார். இரண்டாவதாகத்தான் "அடி பட்டுச்சா தம்பி?" என்று கேட்டார். வரிசை நியாயமானதுதான், நாலு மாத உழைப்பு அது. எழுந்து நின்று பார்த்தேன். முழங்கையில் துணி வெளுத்துத் தேய்ந்திருந்தது, முழங்காலில் ஒரு கோடு. உள்ளே தோலில் ஒன்றுமில்லை. உட்கார்ந்து அந்த அம்மாவோடு நெல்லைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமனார் அந்தத் தேய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, எப்போதோ இதே மாதிரி விழுந்ததில் முழங்காலில் ஏறிய பழைய தழும்பைக் காட்டினார். துண்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் துண்டு ஜெயிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் அது பல தலைமுறையாகப் படித்திருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் உடுப்பு பருவத்துக்காகப் பிறந்தது அல்ல, தார்ச்சாலைக்காகப் பிறந்தது. தார்ச்சாலைக்குப் பருவம் கிடையாது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கியபோது நாமெல்லாம் முணுமுணுத்தோம். கழுத்துக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தை நம் புத்திக்கு விட்டுவைத்திருக்கிறது.

எல்லோரும் ஒன்-பீஸ் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். விலையும் அதிகம், வேட்டிக்கும் ஆகாது. கத்திரியில் ஓட்டுகிறவர்களுக்குக் காற்று புகும் மெஷ் ஜாக்கெட் பேட் வைத்தே கிடைக்கிறது. அதுகூட முடியாவிட்டால் முழுக்கைத் தடித்த சட்டை, கையுறை, ரப்பர் செருப்புக்குப் பதில் ஷூ. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைக்காமல் தலையில் வைத்து வாரைப் பூட்டுங்கள். துண்டு தோளில் இருக்கட்டும், கேட்டில் உதவும். வியர்க்குமே என்று தயங்காதீர்கள். வியர்வைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் தையல் போடுவதில்லை.