‘இன்னும் ஒரு ஆளு கொள்ளும்’: அஞ்சுகிராமத்துக் கார்க் கோட்பாடு குறித்து ஓர் ஆய்வு

அஞ்சுகிராமம் வட்டாரத்துக் கல்யாண வீட்டு வாசல்களில் வழங்கிவரும் நூற்பா ஒன்று உண்டு: ‘இன்னும் ஒரு ஆளு கொள்ளும்.’ இயற்றியவர் பெயர் தெரியவில்லை. காலத்தை ஓரளவு கணிக்கலாம். முன்னால் நீளச் சீட்டும் ஸ்டியரிங்கை ஒட்டியே கியர்க் கம்பும் வைத்து அம்பாசிடர் ஓடிய காலத்ததாக இருக்க வேண்டும். அதில் முன்னால் மூன்று பேர் உட்கார்வது இயல்பு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கார் சுருங்கியது, நூற்பா சுருங்கவில்லை. ஆர்.சி.யில் டிரைவரையும் சேர்த்து 5 பேர் என்றிருப்பதை நம்மவர்கள் பாடபேதமாகவே கொள்கின்றனர்.

இந்நூற்பாவுக்கு உரை கண்டவர்கள் பெரும்பாலும் அத்தைமார். ‘ஆள் என்றது வளர்ந்தோரை; கைப்பிள்ளை மடியில் அடங்குதலின் எண்ணிக்கையில் சேராது’ என்பது அவர்கள் துணிபு. ஆகவே பிள்ளை முன்சீட்டில், தாத்தா மடியில் ஏறும். ஏர்பேக் இவ்வுரையை ஏற்பதில்லை. மோதிய மாத்திரத்தில், கண் இமைப்பதற்கும் முன்பே அது வெடித்து விரியும். அப்போது அதற்கு நேரே இருப்பது பிள்ளையின் தலை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 194பி பிரிவும் எதிரணியில்தான் நிற்கிறது: 14 வயது நிரம்பாத பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும், தவறினால் அபராதம் 1,000 ரூபாய். பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டி அதில் பிள்ளையை உட்கார வைத்தால் இடம் அடைபடுமே என்பது அத்தைமார் தரப்பின் ஒரே வாதம். அடைபடத்தான் செய்யும்.

அடுத்தது சரக்கியல். மறுவீட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். ஏத்தன் குலை, தேங்காய்ச் சாக்கு, முறுக்கு டின், முந்திரிக்கொத்துத் தூக்குவாளி, மயிலாடியில் சொல்லிவைத்து வாங்கிய அம்மி. டிக்கி நிறைந்ததும் மிச்சம் பின் கண்ணாடித் தட்டுக்கு ஏறும். அங்கே நாலு தேங்காய் உருண்டுகொண்டு கிடக்கும். இவ்விடத்து ஒரு சிறு கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதினால் கார்தான் நிற்கும். தேங்காய் அதே 60-ல் முன்னால் வரும். காற்றுத் தடையைத் தள்ளிப் பார்த்தால், ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய்க்குத் தரையில் அந்த வேகம் இருக்கும். 80-ல் போனால் உயரம் 25 மீட்டர்; தென்னை போதாது, முற்றிய பனை வேண்டும். தென்னமூட்டில் கட்டில் போட்டுப் படுக்கத் துணியாத ஒருவர், அதே காயைப் பிடரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வழுக்கம்பாறை வழியே நாகர்கோவில் போய்வருவது எப்படி என்பது இத்துறையில் தீராத புதிர்.

அம்மி விஷயத்தில் ஊர் வழக்கு சரியே: கனமானது அடியில். அதைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்க. கனம் டிக்கி வாய்ப்பக்கம் போகப்போக முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

கூரைமேல் மெத்தை என்பது தனி இயல். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நட்டிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் கல்யாண மெத்தையை ஒற்றைக் கயிற்றால் கட்டிவிட்டு, ‘பறந்திரப்பிடாது’ என்று சித்தப்பா வலப்பக்க ஜன்னல் வழியே கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார். பின்னால் வரும் பஸ் டிரைவர், கார் வலப்பக்கம் திரும்பப்போகிறது என்று வழி முழுக்கக் காத்துக்கிடப்பார்.

இனி பெல்ட். ‘நெருக்கி உட்கார்ந்தா ஆட்டமே இல்ல, நெருக்கம்தான் பெல்ட்டு’ என்பாரும் உளர். அது பொருந்தாது. பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர் முன்சீட்டின் முதுகில் போய் மோதுவார். முன்னால் ஒழுங்காகப் பெல்ட் போட்டவரும் சேர்ந்து நசுங்குவார். 2022 செப்டம்பர் 4-ல் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போய் விபத்தில் சிக்கிய கார் சாதாரணக் கார் இல்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தனர். பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்த அவரும் உடன்வந்தவரும் பிழைக்கவில்லை. பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்ற விதி அதற்கு வெகு முன்பே, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆம் எண்ணில் இருந்தது.

2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்து பெல்ட் போடவில்லையென்றால் கார் கத்தத் தொடங்கும். பெரும்பாலான கார்களுக்குக் கனம்தான் ஆள். மறுவீட்டுக் கார் ஒன்றில் அந்தச் சீட்டில் ஏத்தன் குலையைச் சாத்தினார்கள், கார் கத்தியது. பேரன் குலைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான், சத்தம் நின்றது. பிறகு பின்னால் திரும்பினான்.

“ஆச்சி, நீங்களும் போட்டுக்கிடுங்க.”

“எனக்கு என்னத்துக்கு மக்ளே? நான் என்ன சத்தமா போட்டேன்?”