மீட்டருக்கு மேலே

சென்னை ஆட்டோவில் மீட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. சாமி படம், எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய் வரிசையில் அதுவும் ஒரு மங்கலப் பொருள். 2013 ஆகஸ்டில் அரசு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12.

"மயிலாப்பூர் வருமாண்ணே?" என்றால் அண்ணன் முதலில் நம் செருப்பைப் பார்ப்பார், பிறகு வானத்தை. மேகம் தென்பட்டால் ஐம்பது கூடும். "அங்க போனா ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார்" என்பார். மயிலாப்பூரில் மனித நடமாட்டமே கிடையாது, பாருங்கள்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. கேஸ் விலை, வண்டித் தவணை, எஃப்.சி. செலவு எதுவும் அந்த அரசாணையைப் படித்துவிட்டு ஏறவில்லையே.

பேரத்தை ஒழிக்கச் செயலி வந்தது. வண்டி வந்து நின்றதும் முதல் கேள்வி, "ஆப்ல எவ்ளோ சார் காட்டுது?"

"நூத்தி நாப்பத்திரண்டு."

"மேல அம்பது போட்டுக் குடுங்க."

ஆக, பேரத்துக்கு இப்போது கணினியே ஆரம்ப விலை சொல்லித் தருகிறது.

ஷேர் ஆட்டோவில் இந்தத் தகராறே கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. ஓட்டுநர்தான் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார்.