சுண்டைக்காய்க்கு இலாகா மாற்றம்

‘20 நிமிடத்தில் தாய்லாந்து பச்சைக் கறி’ என்று சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் யார் வீட்டிலும் 80 வயது அம்மா இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால், அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த 20 நிமிடமும் போயிருக்கும். என் அம்மாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலி. சுத்த சைவம். சொதி வைப்பதில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் தாய்லாந்து, ஒரு வாரம் ஜப்பான், ஒரு வாரம் இந்தோனேசியா. சமையல் சுலபம்தான். அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு.

பொருள்களின் பெயரைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பெரிய கடைகளில் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருப்பார்கள். விலைச்சீட்டைப் பார்த்தால் பசி அடங்கிவிடும். காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு ஒரு விஷயம் தெரியும்: மாவட்டம் முழுக்கத் தேடுகிற ஃபைல் பக்கத்து செக்‌ஷனில்தான் இருக்கும். தாய்லாந்து மளிகையும் அப்படித்தான். எல்லாம் நம் ஊரிலேயே வேறு இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கலங்கல் என்று குறிப்பில் வருவது நம் பேரரத்தை. தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் போய்க் கேட்டேன்.

“யாருக்கு சார் சளி?”

“சளி இல்ல. குழம்புக்கு.”

கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். “ஒரு துண்டுக்கு மேல போடாதீங்க சார், சூடு” என்று பொட்டலம் கட்டினார். இது காய்ந்த சரக்கு. வெந்நீரில் ஊறவைத்துத்தான் இடிக்க வேண்டும். பச்சைக் கிழங்கு கிடைத்தால் அதுதான் உத்தமம்.

அடுத்தது கொத்தமல்லி வேர். காய்க்காரம்மா கொசுறாகத் தருகிற கட்டில் நாம் முதலில் நறுக்கிக் குப்பையில் போடுவது எதுவோ, அதுதான் பச்சைக் கறி விழுதுக்கு உயிர். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப்புல், வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகு எல்லாம் சேர்த்து இடிக்க வேண்டும். அவர்கள் போடுகிற எலுமிச்சை வகை இலை கிடைக்காவிட்டால் நாரத்தை இலை போதும். வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கடைசியில் தூவுகிற துளசி வகை, நம் திருநீற்றுப்பச்சிலைக்குச் சொந்தக்காரன். இனிப்புக்கு அவர்கள் போடுவதும் பனை, தென்னை வெல்லம்தான். எங்கள் வீட்டில் உடன்குடிக் கருப்பட்டி.

இதையெல்லாம்விட ஆச்சரியம், அந்தக் கறியில் பச்சைப் பட்டாணிபோல மிதப்பது சுண்டைக்காய். நாம் மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வத்தலாக்கி, அதன்பிறகே மன்னிக்கிற அதே சுண்டைக்காய். தாய்லாந்தில் அதைப் பறித்த கையோடு முழுசாகப் போடுகிறார்கள்.

“பச்சையாவா? அது வயித்துப் பூச்சிக்குல்லா குடுப்பா!” என்றாள் அம்மா.

அந்தக் கறியில் அவர்கள் சேர்க்கிற மீன் சாஸும் இறால் விழுதும் எங்கள் வாசற்படி தாண்ட முடியாது. அதற்கும் தாய்லாந்தே வழி வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் புக்கெட்டிலும் பாங்காக்கிலும் ஒன்பது நாள் சைவ விழா கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் மீன் சாஸ் இடத்துக்கு சோயா சாஸ் வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த விழா வருஷம் முழுக்க நடக்கிறது, அவ்வளவுதான்.

இனிதான் உண்மையான தகராறு. சொதிக்குத் தேங்காய்ப் பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிரிப்போம். காய்கறி வேகிறது இரண்டாம், மூன்றாம் பாலில். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் சட்டென்று இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்தது, திரிந்தால் மானம் போயிற்று. மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கிற ஊரில் இது விளையாட்டு இல்லை.

தாய்லாந்துக்காரன் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறான். முதல் பால்தான் முதலில் வாணலியில் விழுகிறது. அது கொதித்து, வற்றி, எண்ணெய் தனியாக, பால் தனியாகப் பிரிய வேண்டும். அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்க வேண்டும். பச்சை வாசனை போய் ஓரமெல்லாம் பச்சை எண்ணெய் மினுங்கும்போது இரண்டாம் பாலை ஊற்றிக் காயைப் போட வேண்டும். டப்பாவில் வருகிற தேங்காய்ப் பால் சிலது, பிரியாமலிருக்க ஏதோ சேர்த்திருப்பதால், எவ்வளவு கொதித்தாலும் மசியாது. தேங்காய் துருவிப் பிழிந்தால் ஒழுங்காகப் பிரியும்.

பிரிந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, திரிஞ்சிட்டுல்லா! அடுப்ப அணைல!”

“திரியணும்மா. அதான் பக்குவம்.”

“திரிஞ்சா பக்குவமா? எந்த ஊர்ல?”

“தாய்லாந்துல.”

“அதான் அந்த ஊர்ல பொண்ணு எடுக்கல நாம” என்று சொல்லிவிட்டு சன் டிவிக்குப் போய்விட்டாள். ஆனால் சாப்பிடும்போது இரண்டாம் முறை கரண்டியை நீட்டினாள். காரணம் கேட்டதற்கு, “வீணாப் போயிரக் கூடாதுல்லா” என்றாள்.

ஜப்பான் கறி இவ்வளவு சண்டைக்கு இடம் தராது. அது இங்கிலாந்துக்காரர் வழியாக ஜப்பானுக்குப் போனது. 1908-இல் ஜப்பானியக் கடற்படையின் சமையல் கையேட்டிலேயே இடம்பிடித்துவிட்டது. இன்றும் அவர்களுடைய கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறிச் சோறு. நம் ஆள் ஒருவரும் அங்கே கை வைத்திருக்கிறார். 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிப் போன புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ், டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக்கு மருமகனானார். 1927-இல் அந்தக் கடையில் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். பிற்பாடு சிங்கப்பூரில் நேதாஜியிடம் விடுதலை இயக்கத் தலைமையை ஒப்படைத்தவரும் இவர்தான். புரட்சியும் குழம்பும் ஒரே கையில்.

கட்டியாக விற்கிற கறிக் கலவையில் மாட்டுக் கொழுப்போ வேறெதுவோ இருக்கக்கூடும் என்பதால் நான் மைதாவை வெண்ணெயில் சிவக்க வறுத்து, கறிப்பொடி போட்டுக்கொள்கிறேன். வெங்காயம், கேரட், உருளை வெந்ததும் அதைக் கரைத்தால் கெட்டிக் குழம்பு தயார். ஆப்பிள் துருவலும் தேனும் சேர்ப்பார்கள். 1963-இலிருந்து இந்த ருசியில் ஒரு கட்டி அங்கே சக்கைப்போடு போடுகிறது. பேத்தி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அம்மா, “பாயசத்துக்குக் காரம் போட்டுட்டியா?” என்றாள்.

கடைசியாக, இருப்பதிலேயே சுலபமான நாசி கோரெங். இந்தோனேசியாவில் ராத்திரி மிஞ்சிய சோற்றைக் காலையில் வதக்கிப் பசியாறுகிறார்கள். வெங்காயம், பூண்டு, மிளகாய் அரைத்து வதக்கி, சோற்றைக் கொட்டி, இனிப்பு சோயா சாஸ் ஊற்றினால் முடிந்தது. ஆறின சோறுதான் இதற்குச் சரி. குளிரில் பருக்கை இறுகி ஒன்றோடொன்று ஒட்டாது. சுடுசோறு களியாகிவிடும். வீட்டு அடுப்புக்கு ஹோட்டல் அடுப்பின் வேகம் வராது என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போடவும் கூடாது. வாணலியைத் தேய்ப்பதும் நானே என்பது மனைவி போட்ட சட்டம்.

சிக்கல் இதுதான்: தமிழ் வீட்டில் மிஞ்சிய சோறு பத்து மணிக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அம்மா சொம்போடு போய்விடுவாள். ஆகவே, வறுக்கப் போகிறவர்கள் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, தாமதிக்காமல் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே ராத்திரி முழுக்கக் கிடந்த சோறு வயிற்றுக்கும் ஆகாது. மூடிமேல் ‘தண்ணீர் ஊற்றாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். அதையும் மீறி ஊற்றியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். மோரும் சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அதைவிடச் சுலபமான ஆசியச் சமையலை நான் இன்னும் பார்க்கவில்லை.