டீக்கடை பெஞ்சில் ரேஸ் ஜெயிப்பது எப்படி?

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு, இரண்டு மெதுவடை, கையில் போன். சின்ன ரேஸ் பைக்குகளில் எது வேகம் என்று தீர்ப்புச் சொல்ல இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ரேஸ் டிராக்குக்குப் போய்ப் பார்க்கலாமே என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். கடிகாரம் இருக்கிற இடத்தில் பேசி ஜெயிக்க முடியாது.

பேச்சை எப்போதும் சிசியில் தொடங்குங்கள். எதிராளி 200 என்றால் நீங்கள் 310 என்று சொல்லிவிட்டு வடையைக் கடியுங்கள். ஆபத்து எங்கிருந்து வரும் என்றால், 1966-ஐப் படித்தவனிடமிருந்து. அந்த வருடம் லூயிஜி டவேரி 125 சிசி உலகப் பட்டம் வென்ற ஹோண்டா ஆர்சி149 வண்டிக்கு ஐந்து குட்டி சிலிண்டர்கள். நிமிடத்துக்கு 20,500 சுற்றில் 34 பிஎஸ்ஸுக்கு மேல் கொடுத்தது. ஓசூரிலிருந்து 2017 டிசம்பரில் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 312 சிசி, 9,700 சுற்று, அதே 34 பிஎஸ். ஐம்பது வருடம் கழித்து, இரண்டரை மடங்கு சிசியில், அதே குதிரைகள்! காரணம் எளிது: பவர் என்பது முறுக்குவிசையைச் சுற்றோடு பெருக்கி வருவது. முறுக்குவிசை குறைந்தால் சுற்றை ஏற்றி ஈடுகட்டலாம். ஆனால் அப்படி அலறுகிற எஞ்சின் குறுகிய சுற்று வரம்புக்குள்தான் இழுக்கும். அதனால்தான் டவேரியின் வண்டிக்கு எட்டு கியர். நம்முடையது மாமியாரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் சந்தைக்குள் நகர வேண்டிய வண்டி. எதிராளி இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால், “அது ஜப்பான்காரன் வண்டி, விடு தம்பி” என்று முடித்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. விளம்பரத்தில் போடுகிற பவர் கிராங்க்கில் அளந்தது. கிளட்ச், கியர்பாக்ஸ், செயின் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் பின்சக்கரத்துக்கு வந்து சேரும்போது பத்தில் ஒரு பங்காவது கரைந்திருக்கும். ஆகவே உங்கள் வண்டிக்கு கிராங்க் கணக்கையும் எதிராளி வண்டிக்கு டைனோவில் ஏற்றி எடுத்த சக்கரக் கணக்கையும் சொல்லுங்கள். பிஎஸ் என்பது எச்பியைவிடச் சற்றே சின்ன அலகு. அதில் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும். உங்களுக்கு பிஎஸ், அவனுக்கு எச்பி. 2020-இல் வந்த ஆர்ஆர் 310-இல் இன்னொரு வசதியும் உண்டு. ஸ்போர்ட், டிராக் மோடுகளில் 34 பிஎஸ். மழை மோடில் 25.8தான். எதிராளியின் வண்டி ஆண்டு முழுக்க மழையிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாப் ஸ்பீட் பற்றிப் பேசும்போது ஸ்பீடோமீட்டர் முள்ளை மட்டும் நம்புங்கள். அது நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். காற்றைப் பற்றி வாயே திறக்காதீர்கள். காற்றை எதிர்க்கத் தேவையான பவர் வேகத்தின் கனமாக ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமென்றால் பவர் சுமார் முப்பத்துமூன்று சதவீதம் கூட வேண்டும். இது தெரிந்தால் சைலன்சர் மாற்றியவனின் முகம் வாடிவிடும். அவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சத்தம்தான்.

வண்டி எடையைத் தாராளமாகப் பேசலாம். உங்கள் எடையைப் பேசக் கூடாது. யமஹா ஆர்15-இன் நான்காம் பதிப்பு 18.4 பிஎஸ், சுமார் 142 கிலோ. அதில் அறுபது கிலோ பையன் ஏறினால் மொத்தம் 202. எண்பத்தைந்து கிலோ அண்ணன் ஏறினால் 227. கிளம்பி வேகமெடுப்பதில் அண்ணனின் வண்டி, பையனுக்கு அடியில் இருக்கும் 16.4 பிஎஸ் வண்டிக்குச் சமம். இரண்டு குதிரைகளை அண்ணன் இட்லியாகச் சாப்பிட்டுவிட்டார். மோட்டோ3 உலகப் போட்டியில் இந்த விஷயத்தை மறைக்கவே முடியாது. 250 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்தே தராசில் ஏற்றுகிறார்கள். குறைந்தபட்சம் 152 கிலோ. நல்லவேளை, நம் ஊர் டீக்கடையில் தராசு இல்லை.

டூ ஸ்ட்ரோக் ஆட்கள் தனிச் சாதி. ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவரிடம் வாதாடவே கூடாது. 98 சிசி, 11 குதிரை, ஏறத்தாழ நூறு கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். பிக்கப் அங்கேதான் இருக்கிறது. உற்பத்தி 1996-இல் நின்றுபோனது அவர் கட்சிக்கு இன்னும் பலம். புது வண்டிக்குக் குறை சொல்லலாம், இல்லாத வண்டிக்கு என்ன சொல்வது? அவர் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்: காப்பி நிறம் என்றால் கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். அந்த ப்ளக்கின் வெள்ளைக் கழுத்து அலுமினா பீங்கான். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்ற உரிமையில் அதைப் பற்றி நீங்களும் ஒரு கருத்துச் சொல்லலாம். ஆனால் ஊரில் இந்த விவகாரத்தில் பொய் சொல்லாத ஒரே கருவி அந்த ப்ளக்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் தோற்கிறீர்களா? சோழவரத்தை இறக்குங்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் ரேஸ் என்றாலே அதுதான் என்றிருந்த காலம் உண்டு. “எங்க மாமா சோழவரத்துல பாத்திருக்காரு” என்றால் போதும். மாமா பார்த்ததை யாரும் சரிபார்க்க முடியாது.

ஒரே ஒரு சொல்லை மட்டும் பெஞ்சில் உச்சரிக்கக் கூடாது: ஒன்-மேக் ரேஸ். எல்லோருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வண்டி. ஆர்15-க்கு நடந்திருக்கிறது, அப்பாச்சிக்கும் நடக்கிறது. பவர் சமம், கியர் சமம், டயர் சமம். ஆனாலும் ஒருவன் முதலில் வருகிறான், ஒருவன் கடைசியில் வருகிறான். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டரில் பன்னிரண்டு வளைவுகள். எங்கே பிரேக் பிடிக்கிறான், எவ்வளவு வேகத்தை வளைவுக்குள் கொண்டுபோகிறான், எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிலேட்டரைத் திறக்கிறான் என்பதில்தான் விநாடிகள் போகின்றன. குதிரைத் திறனை மட்டும் ஒப்பிட்டு ரேஸ் முடிவு சொல்வது, ஜாதகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தனம் எப்படி நடக்கும் என்று சொல்வதுபோல. ஆனால் இது வெளியே தெரிந்தால் பெஞ்சு காலியாகிவிடும். வடை விற்காது.

“வா, விருத்தாசலம் ரோட்டில் காட்டுறேன்” என்று யாராவது எழுந்தால் கிண்டலை நிறுத்திவிட்டு அவன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

என் தீர்ப்பு வேண்டுமென்றால்: இருங்காட்டுக்கோட்டை நேர்ப்பாதையில் ஆர்ஆர் 310, வளைவில் எந்த வண்டியானாலும் ஓட்டத் தெரிந்தவன், டீக்கடை பெஞ்சில் ஆர்எக்ஸ் 100.