கண்ணைச் சிமிட்டு, கணக்கு தருகிறேன்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து சிப்காட் போகிற வழியில் ஒரு ப்ரௌசிங் சென்டர். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், கைரேகை வைக்கிற கருவி, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கத் தொங்கவிட்ட வெள்ளைத் துணி. என் தெருக்காரர் ஒருவரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். இருபது வருடம் ரோலிங் மில்லில் இருந்தவர். பழைய இரும்பை உருக்குகிற ஃபர்னஸ் ஒருநாள் பொங்கித் தெறித்ததில் முகத்தின் இடது பக்கம் வெந்துபோனது. இடது இமை பாதிக்கு மேல் மூடாது. அதற்கு முன்பே ஒரு ப்ரெஸ் ஷாப், வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கிளைக்குப் போனோம். "எல்லாம் ஆப்லயே பண்ணிக்கலாம் சார், எதுக்கு அலையறீங்க" என்று கரிசனத்தோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கடைப் பையன் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் ஒரு வட்டம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. பையன் தமிழில் சொன்னான்: "கண்ணைச் சிமிட்டுங்கண்ணே."

"சிமிட்டிக்கினுதான்பா கீறேன்."

"ரெண்டு கண்ணும்ணே. நல்லா மூடித் தொறங்க."

வட்டம் சிவந்தது. மறுபடி முதலிலிருந்து. நான்காவது முறை சிவந்தபோது அவர் கேட்டார்: "இன்னாப்பா சொல்து?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "நீங்க உசுரோட இருக்கறத அதால உறுதி பண்ண முடியலயாம்ணே."

1,500 டிகிரிக்கு மேல் கொதித்த இரும்பால் முடியாத காரியம் அது. நாலே நிமிடத்தில் ஒரு செயலி முடித்துவிட்டது.

சரி, ரேகை வைத்துப் பார்க்கலாம் என்றான் பையன். மிச்சமிருந்த எட்டு விரல்களையும் வரிசையாக வைத்தார். "தலையில தேச்சிட்டு வைங்கண்ணே, எண்ணெப்பசை இருந்தா விழும்." தேய்த்துவிட்டு வைத்தார். துணியால் துடைத்துவிட்டு வைத்தார். ரேகை விழவில்லை. கம்பி பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகிவிட்ட விரல்கள் அவை. சென்னையில் நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் தூணை உடைத்துப் பார்த்தால் ஒருவேளை அந்த ரேகை கிடைக்கலாம்.

இந்தச் செயலிகளைச் செய்கிறவர்கள் மனதில் ஒரு லட்சியக் குடிமகன் இருக்கிறான். அவனுக்கு இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் இமைக்கும். பத்து விரலிலும் பச்சைக் குழந்தையின் ரேகை இருக்கும். ஓடிபி வந்த முப்பது நொடிக்குள் ஆறு இலக்கத்தையும் தட்டிவிடுவான். குடிகாரன் கையெழுத்துப் போலக் கோணிக்கொண்டு நிற்கிற காப்சாவை ஒரே பார்வையில் படிப்பான். ஆங்கிலம் தெரியும், காது கேட்கும், கை நடுங்காது, வயதே ஆகாது. அவனை நான் ஆரம்பாக்கத்திலிருந்து மீஞ்சூர் வரை புறநகர் ரயிலில் தேடிப் பார்த்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டத்தில் ஒருவர்கூட அந்தச் சாயலில் இல்லை. உடம்பைத் தேய்த்துச் சம்பாதிக்கிற ஊரில், தேயாத உடம்பைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கிற கொழுப்பை என்னவென்று சொல்வது?

இந்த முகக் கூத்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூன், 2023இல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது கண்ணைச் சிமிட்டச் சொல்லி நிறுத்தப்பட்டார். வழக்குப் போட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது: டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையிலேயே அடக்கம். உயிரோடு இருப்பதை நிரூபிக்க இமைப்பது ஒன்றே வழியாக இருக்கக் கூடாது, மாற்று வழி வேண்டும் என்பது உட்பட இருபது உத்தரவுகள்.

இருபது உத்தரவுக்கும் மை காய்ந்திருக்கும், மூன்று மாதம் ஆயிற்று. 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பி.எஃப். கணக்கு எண் வாங்க உமங் செயலியில் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று வருங்கால வைப்பு நிதி நிறுவனம் அறிவித்தது. பழைய வழி யாருக்குத் திறந்திருக்கும் என்பதையும் அறிவிப்பு சொன்னது: வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும், நேபாள, பூட்டான் குடிமக்களுக்கும். திம்புவிலிருந்து வருகிறவருக்கு நேர்கிற சங்கடத்தை முன்கூட்டியே யோசித்த மூளைக்கு, தேர்வாய்கண்டிகையிலிருந்து வருகிறவரின் வெந்த முகம் ஞாபகத்துக்கு வந்ததா என்று அறிய ஆசை.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இணையதளம், செயலி எல்லாம் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அதற்கான விதி, பல் பிடுங்கிய பாம்பு. ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005இல் போட்ட பொதுநல வழக்கில், பத்தொன்பது வருடம் கழித்து, 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் போட்டு உடைத்தது: சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ முடிந்தால் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கிறது, ஆகவே 15(1)ஆம் விதி செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை எழுதுங்கள். ஏழு வருடமாக மீறுவதற்கென்றே ஒரு விதியை வைத்துக்கொண்டிருந்தோம். மீறினால் அபராதமும் உண்டு. முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு ஆயுத பூஜையன்று கட்டுகிற பூவுக்கு அதைவிட அதிகம் ஆகும்.

ஆயுத பூஜை என்றதும் ஞாபகம் வருகிறது. அரசுத் தளங்களின் மேல் ஓரத்தில் 'ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ்' என்று மூன்று பொத்தான்கள் தொங்கும், பார்த்திருப்பீர்கள். புது லாரிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவது போன்ற சமாச்சாரம் அது. அமுக்கினால் எழுத்து பெரிதாகும், பல இடங்களில் பக்கத்துப் பத்திமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் வேண்டுமா, இதோ பட்டியல் என்று தனிப் பக்கமும் உண்டு. அந்தப் பட்டியலில் விண்டோ-ஐஸ் என்ற மென்பொருள் இன்றும் பல தளங்களில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது 2017லேயே நிறுத்தப்பட்டது. உயிரோடு இருப்பவரை இறந்தவராக்குகிற டிஜிட்டல் இந்தியா, இறந்துபோனதை உயிரோடு வைத்திருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது.

பட்டியலிலிருந்து, இன்னும் உயிரோடிருக்கிற என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இறக்கிக்கொண்ட பார்வையற்ற பட்டதாரி என்ன படிப்பார்? அரசாணையைப் படிக்கலாம் என்று திறப்பார். ஸ்கேன் செய்து ஏற்றிய வெறும் படம். திரைவாசிப்பான் வாயடைத்து நிற்கும். இன்னொன்றைத் திறப்பார். வானவில் எழுத்துருவில் அடித்த தமிழ். கண்ணுக்குத் தமிழ், மென்பொருளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. பேய் பிடித்தது போல உளறும். இந்த உளறலைத் தவிர்க்கிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல்.

இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல் சார், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி செய்ய முடியுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பெரிய எழுத்து, ஒருவருக்கு ஒலி, ஒருவருக்குக் கூடுதல் நேரம், ஒருவருக்குச் சிமிட்டாத வழி. அவரவர் தேவையை ஒருமுறை குறித்துவைத்தால் போகிற இடமெல்லாம் திரை அதற்கேற்ப மாறிக்கொள்ளலாம். இதை எப்படி விவரிப்பது என்று ஐஎஸ்ஓ 24751 என்ற உலகத் தரமே 2008இல் எழுதிவைத்தாயிற்று. ஆளுக்கு ஆள் மாற்றுவது இவர்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. என் தெருக்காரரின் அதே போனுக்குச் சம்பளம் விழுகிற தேதி பார்த்துக் கடன் விளம்பரம் வருகிறது, சுத்தத் தமிழில், பெயர் சொல்லி, பெரிய எழுத்தில். அவர் தூங்குகிற நேரம் தெரிந்திருக்கிறது. முழங்கால் வலி தெரிந்து தைலம் விற்கிறார்கள். அவருக்கு இடது இமை மூடாது என்பது மட்டும் தெரியாது. தெரிந்தால் பைசா தேறாது அல்லவா.

கும்மிடிப்பூண்டிக்காரர் ஒருவர் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க ரயிலில் போகவேண்டுமென்றால், சென்னைக்குப் போய் வேறு ரயில் மாற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. அந்த அலைச்சலை ஒழிக்கத்தான் எல்லாம் போனுக்கு வருகிறது என்று சொன்னார்கள். வந்தது உண்மைதான். வரும்போதே வாசலில் ஒரு வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கேட் வாட்ச்மேனிடமாவது கெஞ்சலாம், சண்டை போடலாம். வட்டத்திடம் என்ன பேசுவது?

மறுநாள் நாங்கள் வங்கிக் கிளைக்கே திரும்பப் போனோம். இந்த முறை தீர்ப்பின் நகல் என் கையில் இருந்தது, தேதியைச் சொன்னேன். மேனேஜர் பக்கத்து மேஜையைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மா இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் படிவத்தை எடுத்து, "இதுல கையெழுத்துப் போடுங்கண்ணா" என்றார். இடது கையால் போட்டார். பத்து நிமிடம் ஆனது.

படிவம் முந்தின நாளும் அதே இழுப்பறையில்தான் இருந்தது. நீங்கள் போகும்போது, திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.