கறுப்புக்கு ஆகும் செலவு

புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் ஒளி விழாத இடம்தான் கறுப்பு. வெள்ளைச் சுவரும் சீலிங்கும் திருப்பியடிக்கிற வெளிச்சத்தில் அதுவும் சாம்பலாகிவிடும். ஆகவே வீட்டில் படம் பார்க்க லட்ச ரூபாய்க் கருவி வாங்கியவரும் கடைசியில் கறுப்புத் துணிக்கு மீட்டர் கணக்கில் பேரம் பேசியே தீரவேண்டும். (தமிழ்நாட்டின் 2012 மின்வெட்டில் இருட்டு இலவசமாகவே கிடைத்தது, படம்தான் ஓடவில்லை.)

ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலை, ஓரத்தில் வெல்க்ரோ. திரையை ஒட்டிய சுவருக்கும் சீலிங்குக்கும் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட். "குடியிருக்கிற வீட்டுக்கு யாராவது கறுப்பு அடிப்பாங்களா?" என்பார் மாமியார். கருநீலம் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

பிறகு விளக்கை அணைத்தால் ஸ்டெபிலைசர், ஏசி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டும். இன்சுலேஷன் டேப்பைத் துணுக்குத் துணுக்காக வெட்டி ஒட்டுங்கள். ஏசி ரிமோட்டுக்குப் பணியவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுமுன், டேப் சென்சார் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.